பிறர் சண்டையில் சிங்கப்பூர் ஏன் வாய் திறக்கிறது?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அதைக் கண்டித்து வந்த தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன; இந்தியாவும் இலங்கையும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. ஆதரித்த நாடுகளில் பெரும்பாலானவை வாக்கைப் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டன. சிங்கப்பூர் அப்படி இருக்கவில்லை. மார்ச் 5 அன்று ரஷ்யாவின் மீது தானாகவே தடை விதித்தது. ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. ரஷ்யாவின் நான்கு வங்கிகளோடும் அந்நாட்டு மத்திய வங்கியோடும் தன் நிதி நிறுவனங்கள் வைத்திருந்த தொடர்பைக் கட்டுப்படுத்தியது. ஆசியான் நாடுகளில் வேறெதுவும் இப்படிச் செய்யவில்லை. பாதுகாப்பு கவுன்சில் சொல்லாமல் இன்னொரு நாட்டின் மீது சிங்கப்பூர் தடை விதிப்பது மிக அரிது. சில நாள்களிலேயே மாஸ்கோ தன் 'நட்பில்லாத நாடுகள்' பட்டியலில் அதையும் சேர்த்தது. சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டு மடங்குகூடப் பரப்பில்லாத ஒரு தீவு, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் போரில் ஒரு வல்லரசின் பகையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். அமெரிக்கா கண்ணைக் காட்டியிருக்கும் என்பது ஒன்று. நியாயத்தின் பக்கம் நிற்கும் நல்ல நாடு என்பது இன்னொன்று. இரண்டுமே வெளியுறவுக் கொள்கையைப் பற்றிய ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறப்பவை. நாடுகளுக்கு நலன் என்று ஒன்று, நெறி என்று ஒன்று இருக்கிறது. நலனைப் பார்த்தால் நெறியை விட வேண்டும், நெறியைப் பார்த்தால் நலனை இழக்க வேண்டும் என்பது அந்த எண்ணம். பெரிய நாடுகளின் வரலாற்றை மட்டும் படித்தால் அது சரியென்றே தோன்றும். சிறிய நாட்டின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. தேசிய நலன் என்பதன் முதல் பொருள், நாடு நாடாகவே நீடிப்பது. எல்லைகளைப் படைபலத்தால் மாற்றக் கூடாது என்ற விதி உலகில் உயிரோடு இருப்பது, ஒரு சிறிய நாடு நீடிப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே அந்த விதிக்காகக் குரல் கொடுப்பதும் அதன் தேசியப் பாதுகாப்பு வேலைதான்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று அறிய 1965க்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள். குடிநீருக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தை நம்பியிருந்தது. தெற்கே சுகர்னோவின் இந்தோனேசியா, மலேசியா என்ற நாடே உருவாகக் கூடாது என்று அறிவிக்கப்படாத போர் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. தீவைக் காத்துவந்த பிரிட்டனோ 1968 ஜனவரியில், 1971க்குள் படைத்தளங்களைக் காலி செய்துவிடுவதாக அறிவித்தது. பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. இந்தச் சூழலில் முதல் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பிரிந்த ஆறே வாரத்தில், செப்டம்பர் 21 அன்று, சிங்கப்பூர் ஐ.நா. உறுப்பினரானது. இரண்டு ஆண்டுகள் கழித்து பாங்காக்கில் ஆசியானைத் தோற்றுவித்த பிரகடனத்தில் ராஜரத்தினம் கையெழுத்திட்டார். நாற்காலி கிடைத்த இடத்திலெல்லாம் உட்கார்ந்துகொள்வது என்பதுதான் அவருடைய வழி என்று சொல்லலாம். நம்மை உலகம் தனி நாடாக எண்ணுகிறது என்பதற்கு அந்த நாற்காலிகளே சாட்சி.

படை திரட்டுவதிலும் தாமதம் இல்லை. 1967இல் தேசிய சேவைச் சட்டம் வந்தது. இளைஞர்கள் கட்டாயம் ராணுவப் பயிற்சி பெற வேண்டும் என்றானது. பயிற்சி தர இஸ்ரேலிய அதிகாரிகள் வந்தார்கள். சுற்றிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகள் இருந்ததால் அவர்களை மெக்சிகோக்காரர்கள் என்று சொல்லி மறைத்தது தனிக்கதை. இன்றும் நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்று சதவீதத்தை ஒட்டிய தொகை பாதுகாப்புக்குப் போகிறது. இதன் நோக்கத்தை அன்றைய பிரதமர் லீ குவான் யூ ஓர் உவமையில் சொன்னார்: பெரிய மீன் சிறிய மீனைத் தின்னும் உலகில் சிங்கப்பூர் விஷ இறாலாக இருக்க வேண்டும். தடுப்பாற்றல் என்று பாதுகாப்பு நூல்கள் சொல்வது இதைத்தான். போரில் வெல்வது அதன் குறிக்கோள் அல்ல. தாக்குபவனுக்குக் கிடைக்கும் லாபத்தைவிட நஷ்டம் அதிகம் என்று முன்கூட்டியே அவனுக்குத் தெரியவைப்பது. அதோடு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா ஆகியவற்றோடு ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு உருவானது. 1990இல் தன் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டில் சீனாவோடு தூதரக உறவும் தொடங்கியது. ஒரே வல்லரசின் மடியில் உட்காராமல் எல்லாருக்கும் இங்கே ஒரு நலன் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அதிகாரச் சமநிலை என்பதன் நடைமுறை வடிவம்.

ஆனால் ஆயுதமும் நட்பும் இருந்தால் போதாது என்பதைக் காட்டியது ஒரு குண்டுவெடிப்பு வழக்கு. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டிலுள்ள மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். குண்டு வைத்த ஒஸ்மான், ஹாருன் இருவரும் இந்தோனேசியக் கடற்படைச் சிப்பாய்கள். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடுகள் முடிவதற்குள் சுகர்னோ போய் சுகார்த்தோ வந்திருந்தார். மோதலும் ஓய்ந்து நட்பு துளிர்த்திருந்தது. சுகார்த்தோவே கருணை காட்டும்படி கேட்டார். இந்தோனேசியாவின் மக்கள்தொகையோ சிங்கப்பூரைப் போல் பல மடங்கு. விட்டுக்கொடுப்பதுதான் விவேகம் என்று யாருக்கும் தோன்றும். 1968 அக்டோபரில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தைக் கும்பல் சூறையாடியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1973இல், லீ குவான் யூ ஜகார்த்தாவுக்குப் போய் அந்த இருவரின் கல்லறைகளிலும் மலர் தூவினார். உறவு சீரானது. இந்த இரண்டு செயல்களின் வரிசைதான் கவனிக்க வேண்டியது. மலர் தூவலை முன்னால் வைத்து, தண்டனையைக் கைவிட்டிருந்தால், பெரிய அண்டை நாடு கேட்டால் சிங்கப்பூரின் நீதிமன்றத் தீர்ப்பும் வளையும் என்ற பாடம் எல்லாருக்கும் போயிருக்கும். காயம் ஆறிவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். 2014இல் இந்தோனேசியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அந்த இருவரின் பெயரைச் சூட்டியபோது சிங்கப்பூர் மறுபடியும் எதிர்ப்புத் தெரிவித்தது.

1970களின் இறுதியில் அதே தர்க்கம் உலக அரங்குக்குப் போனது. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படையெடுத்து, ஜனவரியில் நோம்பென்னைப் பிடித்தது. அது வீழ்த்திய போல் பாட் ஆட்சி சொந்த மக்களையே லட்சக்கணக்கில் கொன்ற ஆட்சி. அப்படியிருந்தும் சிங்கப்பூர் பத்தாண்டுக்கும் மேலாக ஐ.நா.வில் அந்தப் படையெடுப்பை எதிர்த்து ஓயாமல் வேலை செய்தது. ஓர் அண்டை நாடு தன் படையைக் கொண்டுவந்து அரசை மாற்றலாம் என்று ஆகிவிட்டால் அடுத்த முறை காரணம் வேறாக இருக்கும் என்பது அதன் வாதம். இது வெறும் கம்யூனிச எதிர்ப்பு அல்லவா என்று கேட்பவர்களுக்கு 1983 பதில் சொல்கிறது. அமெரிக்கா கரிபியன் தீவான கிரனடாவில் படையிறக்கியபோது, பொதுச்சபையில் அதைக் கண்டித்த தீர்மானத்தைச் சிங்கப்பூர் ஆதரித்தது. அமெரிக்கா அதன் மிக நெருங்கிய நண்பன் என்பது எல்லாருக்கும் தெரியும். உக்ரைன் விஷயத்தில் வாஷிங்டன் கண்ணைக் காட்டியது என்ற விளக்கம் கிரனடாவைத் தாண்டி வர முடியாது.

சட்டம் வெறும் மேடைப் பேச்சல்ல, கையில் பலனும் தரும் என்பதற்கு பெட்ரா பிராங்கா நல்ல சான்று. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் உள்ள பாறைத் திட்டு அது. 1851 முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. 1979இல் மலேசியா தன் வரைபடத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது. இரு நாடுகளும் ஒப்புக்கொண்டு 2003இல் வழக்கை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 2008 மே மாதத்தில் பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கும், அருகிலிருந்த மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கும் என்று தீர்ப்பானது. துப்பாக்கி வெடிக்கவில்லை. தண்ணீரும் இதே வகைதான். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் விலை. இந்த விலை கேலிக்கூத்து என்று அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் 2018இல் மறுபடியும் சொன்னார். மலேசிய வாக்காளரின் கோபம் புரியாததல்ல. ஆனால் தண்ணீர் ஒப்பந்தங்களுக்கான உத்தரவாதம் 1965 பிரிவினை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, அது ஐ.நா.விலும் பதிவாகியிருக்கிறது. ஒப்பந்தத்தை மீறுவது வெறும் விலைத் தகராறாக நிற்காது. இருந்தாலும் காகிதத்தை மட்டும் நம்பிச் சிங்கப்பூர் சும்மா இருக்கவில்லை. நீர்த்தேக்கங்கள் கட்டியது, 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்ற பெயரில் தருகிறது, 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தது. எதிராளி குழாயை மூடினாலும் தாகத்தால் சாக மாட்டோம் என்ற நிலை வந்த பிறகுதான் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசும் குரலும் திடமாகிறது. சட்டம், படை, குடிநீர் எல்லாம் வேறு வேறு துறைகள் என்று நினைப்பது அமைச்சகங்களின் வசதிக்காகத்தான்.

இந்தக் கொள்கையை எதிர்ப்பவர்கள் சிங்கப்பூருக்கு உள்ளேயே உண்டு. 2016 ஜூலையில் தென்சீனக் கடல் பற்றி வந்த தீர்ப்பாய முடிவைச் சீனா நிராகரித்தது. சட்ட நடைமுறைகளை மதிக்க வேண்டும் என்று சிங்கப்பூர் பேசியது. பெய்ஜிங்குக்கு அது பிடிக்கவில்லை. அந்த நவம்பரில், தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சிங்கப்பூரின் ஒன்பது கவச வாகனங்கள் ஹாங்காங் துறைமுகத்தில் பிடித்துவைக்கப்பட்டன. இரண்டு மாதம் கழித்தே விடுவிக்கப்பட்டன. 2017இல் கத்தாரை அண்டை நாடுகள் முற்றுகையிட்டபோது, சிங்கப்பூரின் முன்னாள் தூதர் கிஷோர் மஹ்புபானி ஒரு கட்டுரை எழுதினார். சிறிய நாடு சிறிய நாடாக நடந்துகொள்ள வேண்டும், பெரிய நாடுகளின் விஷயத்தில் அடக்கி வாசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வெளியுறவுத் துறையில் நீண்ட காலம் இருந்த பிலஹரி கௌசிகனும் அமைச்சர் கா. சண்முகமும் அதைக் கடுமையாக மறுத்தார்கள். மஹ்புபானி சொல்வதில் பாதி சரி. வாய் திறந்தால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு விஷயத்திலும் திறக்கவும் வேண்டியதில்லை. மீதிப் பாதியில்தான் சறுக்கல். அடங்கிப் போனால் விட்டுவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் எங்கே? கவச வாகனங்கள் கடைசியில் திரும்பி வந்தன. சொந்த நிலைப்பாட்டைப் பேசும் உரிமையை ஒருமுறை ஒப்படைத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க எந்தத் துறைமுகத்துக்குப் போவது?

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: சிங்கப்பூர் தன் விதியைத் தானே எப்போதும் கடைப்பிடித்ததா? இல்லை. 1975 டிசம்பரில் இந்தோனேசியா கிழக்குத் தீமோரைப் பிடித்தபோது ஐ.நா.வில் சிங்கப்பூர் வாக்களிக்காமல் ஒதுங்கியது. சுகார்த்தோவின் வருத்தம் தெரிந்த பின் அவர் பக்கம் சாய்ந்தது. கம்போடிய விவகாரத்தில் விதியைக் காக்கப் போய், கொலைகார ஆட்சியின் மிச்சத்துக்கு ஐ.நா. நாற்காலி நீடிக்க உதவியது. 2003இல் பாதுகாப்பு கவுன்சிலின் புதிய ஒப்புதல் இல்லாமல் ஈராக்கைத் தாக்கிய அமெரிக்கக் கூட்டணியை, பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டி ஆதரித்தது. அந்த ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. இவற்றை யதார்த்தம் என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. சட்டத்தைத் தன் அரணாகக் கொண்ட நாட்டுக்கு நம்பகத்தன்மையே மூலதனம். ஒவ்வொரு விதிவிலக்கும் அந்த மூலதனத்தைக் கரைக்கிறது. ஆனால் இந்தத் தவறுகளிலிருந்து விதி வேண்டாம் என்ற முடிவுக்குப் போக முடியாது. கிழக்குத் தீமோரில் வாய் மூடியதும் பக்கத்து வீட்டுக்காரர் பெரியவர் என்ற அச்சத்தால்தான். அடக்கி வாசிக்கச் சொல்பவர்கள் கேட்கும் கொள்கை அதுவே.

இந்தியா ஏன் உக்ரைன் விஷயத்தில் இப்படி நடக்கவில்லை என்று கேட்கலாம். அதன் நிலை வேறு. ராணுவத் தளவாடங்களில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தவை. வடக்கு எல்லையில் சீனப் படை நிற்கிறது. மாஸ்கோவை முழுக்க பெய்ஜிங் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்ற கவலையும் உண்டு. 140 கோடி மக்களும் அணுஆயுதமும் உள்ள நாட்டை, சர்வதேச விதி பலவீனமானாலும், யாரும் விழுங்கிவிட முடியாது. ஒதுங்கி நிற்கும் சௌகரியத்தை அளவு தருகிறது. ஒரு நாட்டுக்குச் சரியான கொள்கையை அப்படியே எடுத்து இன்னொன்றுக்குப் பூட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். இலங்கை போன்ற நாடுகள்தான் யோசிக்க வேண்டும். அவற்றுக்கு இந்தியாவின் அளவும் இல்லை, சிங்கப்பூரின் சேமிப்பும் இல்லை.

சிங்கப்பூருக்கும் அடுத்த சோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. 1962 தண்ணீர் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்குள் தண்ணீரில் தன்னிறைவு பெற்றுவிட வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் அறிவிக்கப்பட்ட இலக்கு.