கிரிப்டோ நாணயம்: சாவி யார் கையில்?

நம்மவர் வீடுகளில் இப்போது அரசியலையும் கிரிக்கெட்டையும் விட அதிகமாகச் சூடேற்றும் பேச்சு ஒன்று உண்டென்றால் அது கிரிப்டோ நாணயம்தான். மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் எந்தத் தமிழ்க் குடும்ப விசேஷத்துக்குப் போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "அப்பா, எதிர்காலமே இதுதான்" என்கிறார்கள். வங்கியிலும் ரயில்வேயிலும் மில்லிலும் உழைத்து ஓய்வு பெற்ற தகப்பன்மார், "இது சூதாட்டம், கிட்டவே போகாதே" என்கிறார்கள். இரு தரப்பும் பேசுவது விலையைப் பற்றி மட்டுமே. ஏறுமா, இறங்குமா?

நான் பொருளாதாரம் படித்தவனல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்த விவாதத்தில் கேட்கப்படாத ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நாணயம் நல்லதா கெட்டதா என்பதை விட, நமக்கும் அந்த நாணயத்துக்கும் நடுவில் நிற்பவர் யார் என்பதே அந்தக் கேள்வி. பணம் போனவர்களில் பலர் நாணயத்தால் இழக்கவில்லை, நடுவில் நின்றவரால்தான் இழந்தார்கள்.

டோக்கனும் பிளாக்கும்

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். 'டோக்கன்', 'பிளாக்' என்ற சொற்களைக் கேட்டு இளைஞர்கள் புதுமை என்று நினைக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இவை மிகப் பழைய சொற்கள்.

ஒற்றை ரயில் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பகுதியை 'பிளாக் செக்ஷன்' என்போம். அதில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். இதை உறுதி செய்ய இரு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு டோக்கன் கருவி இருக்கும். இரண்டும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு கருவியிலிருந்து உலோக உருண்டையான டோக்கனை எடுத்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை இரண்டாவது டோக்கன் வெளியே வராது. எந்த ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தாலும் எடுக்க முடியாது. நம்பிக்கை மனிதர் மேல் இல்லை, கருவியின் மேல்.

பணத்தைக் கணினியில் வைப்பதிலும் இதே சிக்கல்தான். கணினியில் உள்ள எதையும் நகல் எடுக்கலாம். ஒரே ரூபாயை இருவருக்குக் கொடுத்துவிடாமல் தடுப்பது எப்படி? இதுவரை வங்கி தன் பேரேட்டை வைத்துக்கொண்டு அதைத் தடுத்தது. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபரில் ஒருவர் வெளியிட்ட கட்டுரை வேறு வழி சொன்னது. பேரேட்டை ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டாம். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேட்டின் பிரதி இருக்கட்டும். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இடைவெளியில் நடந்த பரிமாற்றங்களைத் தொகுத்து ஒரு 'பிளாக்' ஆக்கி, முந்தைய பிளாக்குடன் சங்கிலிபோல் இணைக்கட்டும். பழைய வரி ஒன்றைத் திருத்த வேண்டுமானால் அதற்குப் பின்வந்த எல்லா பிளாக்கையும் திருத்த வேண்டும். அது நடைமுறையில் ஆகாத காரியம்.

இப்படி 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் தொடங்கியது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உருவாகாது என்பது அதன் விதி. பேரேட்டைப் பராமரிப்பவர்களுக்கு ஒவ்வொரு பிளாக்குக்கும் 50 நாணயம் கிடைத்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் அது 3.125 ஆனது. இதன் பிறப்பு நோக்கமே இடைத்தரகர் வேண்டாம் என்பதுதான்.

வாசல் வழியே வந்த தரகர்

அப்படியானால் தரகர் எங்கிருந்து வந்தார்? நம் சோம்பலின் வழியாகவும் பயத்தின் வழியாகவும் வந்தார்.

இந்த நாணயத்துக்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. அதை 12 அல்லது 24 சொற்களாக எழுதி வைப்பார்கள். சாவி தொலைந்தால் நாணயம் தொலைந்தது. மேனேஜரிடம் மனுக் கொடுத்து மாற்றுச் சாவி வாங்க முடியாது. இந்தப் பொறுப்பைச் சுமக்கப் பலர் தயாராக இல்லை. அதோடு ரூபாயைக் கொடுத்து நாணயம் வாங்கவும், விற்று ரூபாயாக்கவும் ஓர் இடம் வேண்டுமே! அங்கே 'எக்ஸ்சேஞ்ச்' என்னும் நிறுவனங்கள் முளைத்தன. மக்கள் வாங்கியதை அங்கேயே விட்டுவைத்தார்கள். கைபேசித் திரையில் தெரியும் எண்ணைத் தங்கள் சொத்து என்று நம்பினார்கள். உண்மையில் சாவி நிறுவனத்திடம். டோக்கன் கருவியைப் பூட்டிவிட்டு, அதன் சாவியை அடுத்த கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனது போன்ற ஏற்பாடு இது.

விளைவைப் பாருங்கள். டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் 2014-இல் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமல் போனதாக அறிவிக்கப்பட்டது. அவற்றில் 2,00,000 மட்டும் பின்னர் கண்டெடுக்கப்பட்டன. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். சரிந்தது. வாடிக்கையாளர் பணத்தை எடுத்துத் தன் வேறொரு நிறுவனத்துக்குப் பயன்படுத்திய அதன் தலைவர் சாம் பேங்க்மேன்-ஃபிரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட வாசிர்எக்ஸில் 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் இணையத் திருடர்களால் கொள்ளை போயின. வாடிக்கையாளர்கள் தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட திட்டத்தின் பேரில் 2025 அக்டோபரில்தான் மீண்டும் கதவு திறந்தது. 15 மாதம்!

இந்த மூன்றிலும் பிட்காயினின் பேரேடு உடையவில்லை. உடைந்தது தரகரின் பெட்டி.

சென்னையில் பிறந்த தீர்ப்பு

இங்கே நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. வாசிர்எக்ஸ் கொள்ளையில் திருடு போனவை ஒரு வகை நாணயங்கள். 2024 ஜனவரியில் சுமார் 2 லட்ச ரூபாய்க்கு ஒருவர் வாங்கி வைத்திருந்ததோ எக்ஸ்.ஆர்.பி. என்னும் வேறு வகை. திருடு போகாத நாணயத்தையும் முடக்கி, நஷ்டத்தை எல்லார் தலையிலும் பங்கு போடுவது நியாயமா என்று அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சட்டப்படியான பணம் அல்ல, ஆனால் அது ஒரு சொத்து. உரிமையாளருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கத்தக்க சொத்து என்று தீர்ப்பளித்து இடைக்காலப் பாதுகாப்பும் வழங்கினார்.

இதன் பொருள் என்ன? உங்கள் நகையைப் பெட்டகத்தில் வைத்திருப்பவர், பக்கத்துப் பெட்டகத்தில் திருடு போனதற்காக உங்கள் வளையலை வெட்டிப் பங்கு போட முடியாது என்பதே. வழக்கு ஒரு மனிதருடையதானாலும் அதன் பயன் பலருக்கு.

தெரிந்தவர் என்ற தரகர்

எக்ஸ்சேஞ்சுக்காவது ஓர் அலுவலகம் உண்டு. இன்னொரு வகைத் தரகர் நம் வீட்டுக்கே வருவார். ஊர்க்காரர், உறவுக்காரர், கோயில் கமிட்டியில் கூட இருப்பவர். "மாதம் 10 சதவீதம் நிச்சயம், அண்ணா. நானே போட்டிருக்கேன்" என்பார். நாடெங்கும் பலரை ஏமாற்றியதாக மத்திய புலனாய்வுத் துறை விசாரித்துவரும் கெயின்பிட்காயின் திட்டத்தில் சொல்லப்பட்டதும் 18 மாதத்துக்கு மாதம் 10 சதவீதம் என்பதுதான்.

காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். மாதம் 10 சதவீதக் கூட்டு வட்டியில் 1 லட்சம் ஓராண்டில் 3 லட்சத்து 13 ஆயிரத்தைத் தாண்டும். எந்த நேர்மையான தொழில் ஆண்டுதோறும் இப்படிக் கொடுக்கும்? கொடுக்க முடியாதபோது, பின்னால் வருபவரின் பணம் முன்னால் வந்தவருக்குப் போகும். ஒவ்வொருவரும் 5 பேரைச் சேர்க்க வேண்டும் என்றால் பதின்மூன்றாம் படியில் 122 கோடிப் பேர் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டின் மொத்த ஜனத்தொகையே 121 கோடிதான். பதினான்காம் படிக்கு ஆள் எங்கே?

மூன்றாவது ஒரு ஆபத்தும் இருக்கிறது. முகம் தெரியாத ஆளுக்கு நேரடியாக நாணயத்தை விற்று, பணத்தை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்வது. அந்த ஆள் அனுப்பிய பணம் வேறெங்கோ மோசடியில் வந்ததாக இருந்தால், விசாரணையில் உங்கள் கணக்கு முடக்கப்படும். பென்ஷன் வரும் கணக்கும் அதுவே என்றால் அந்த மாத மளிகைக்கு என்ன செய்வது?

அரசின் நிலை

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இந்த வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தமும் வந்தன. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் 1 லட்சம் லாபம், மற்றொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்றால் கையில் மிச்சம் பூஜ்யம். ஆனாலும் செஸ் உட்பட 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். இதைப் பல இளைஞர்கள் கணக்கு முடிக்கும்போதுதான் அறிகிறார்கள். 2023 மார்ச்சில் இந்நிறுவனங்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன.

வரி வாங்குவதால் அரசு இதற்கு உத்தரவாதம் தருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. வங்கி டெபாசிட்டுக்கு 2020 முதல் 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் நாணயத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

எதிர்காலம் உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் விலை ஏறும் என்பதும் எதிர்காலம் உண்டு என்பதும் ஒன்றல்ல. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்து, 2025 அக்டோபரில் 1,25,000 டாலரைத் தாண்டியது. இப்படி ஆடும் ஒன்றைக் கொண்டு பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. 2021-இல் பிட்காயினைச் சட்டப்படியான நாணயமாக்கிய எல் சால்வடார் நாடே, 2025-இல் அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. மறுபக்கம், அமெரிக்கா 2024 ஜனவரியில் பிட்காயினை அடிப்படையாகக் கொண்ட நிதிகளைப் பங்குச் சந்தையில் அனுமதித்தது. நம் ரிசர்வ் வங்கியும் 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கான மின்னணு ரூபாயைச் சோதனையாகத் தொடங்கியது.

ஊருக்குப் பணம் அனுப்பத் தபாலாபீசில் மணியார்டர் பாரம் நிரப்பி வரிசையில் நின்ற தலைமுறை நாம். இன்று யு.பி.ஐ. வழியே திருநெல்வேலிக்கு ஒரு நொடியில் காசு போகிறது, கட்டணமும் இல்லை. ஆகவே உள்நாட்டில் வாழும் நமக்குப் பணம் அனுப்ப இந்த நாணயத்தால் புதிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் செலவை இது குறைக்கலாம். அங்கேதான் உண்மையான பயன் பிறக்கும்.

1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்து, ஏராளமான குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அந்தச் சாம்பலிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. டெபாசிட் காப்பீடு 1962-இல்தான் வந்தது. தரகர் நம்பத்தக்கவராக மாற ஒரு சட்டமும், ஒரு மேற்பார்வையும், சில கசப்பான பாடங்களும் தேவைப்படுகின்றன. கிரிப்டோ இன்று அந்த இடைக்காலத்தில் நிற்கிறது.

எனவே பிள்ளைகளிடம் "கூடாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். சாவி உன்னிடமா, நிறுவனத்திடமா? அந்த நிறுவனம் அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றதா? நாளையே முழுவதையும் எடுக்க வேண்டுமென்றால் முடியுமா? ஒருமுறை சிறு தொகையை எடுத்துப் பார்த்திருக்கிறாயா? வருமான வரிக் கணக்கில் காட்டினாயா? போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைதானா? கிராச்சுட்டியும், பெண் கல்யாணத்துக்கு வைத்த பணமும் அந்தக் கடைசிக் கேள்வியில் தேறாது.

இன்னொன்றையும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். "உனக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்த 24 சொற்கள் எங்கே இருக்கின்றன என்று உன் மனைவிக்குத் தெரியுமா?" வங்கியில் நாமினி உண்டு, பி.எஃப்.-இல் நாமினி உண்டு. தன் கையில் சாவி வைத்திருப்பவனுக்கு நாமினி அவன் எழுதி வைக்கும் காகிதம் மட்டுமே. அந்தக் காகிதம் வீட்டுப் பத்திரத்தோடு இன்றே போய்ச் சேரட்டும்.