கல்வராயன் மலையில் ஒரு நாள்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த ஊர் மணலூர்பேட்டை. அதற்கு வளம் சேர்க்கும் ஆறு, கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து சாத்தனூர் அணையைக் கடந்து வருகிறது. கோமுகி ஆற்றின் பிறப்பிடமோ அருகிலேயே உள்ளது. மேற்கே எழும் கல்வராயன் மலைக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இதில் ஏறுவோர் மூவகைக் காடுகளைக் காண்பர். ஏறத்தாழ 400 மீட்டர் உயரம்வரை முட்புதர்க்காடு; 800 மீட்டர்வரை இலையுதிர்காடு; அதற்குமேல் ஆங்காங்கே சோலைக்காடு. உயரம் கூடக்கூட வெப்பம் குறைந்து ஈரம் மிகுவதே இதற்குக் காரணமாகும். மேலே வெள்ளிமலை முதலிய ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைவித்தும், கடுக்காய் சேகரித்தும் வாழ்கின்றனர்.

காட்டின் இலைமக்கும் வேர்களும் மழைநீரைத் தடுத்து மண்ணுக்குள் செலுத்துகின்றன. அந்நீரே மெல்லக் கசிந்து ஓடைகளாகிறது; பெரியார், மேகம் முதலிய அருவிகளாக வீழ்கிறது; கோமுகியாகிக் கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கி, சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. காடு அழிந்தால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு விரையும். அணையில் வண்டல் படியும். கோடையில் ஓடை வறளும்.

மலைக்கு வருவோரின் சிறு செயலும் இத்தொடரைத் தாக்கும். குரங்குக்குத் தின்பண்டம் அளிப்பது இரக்கமன்று. கனி தின்று காட்டில் விதை பரப்ப வேண்டிய அவ்வுயிர், சாலையோரம் காத்திருந்து வாகனத்தில் அடிபடுகிறது. ஓடையில் எறியப்படும் நெகிழிப்பையும் நீரோடு கீழே இறங்குகிறது. மலையைக் கண்டு மகிழ்வோர் அதைக் கண்டவாறே விட்டு வருதல், சமவெளியின் நீரையும் காப்பதாகும்.