ஊட்டி மலைச்சரிவும் தூரத்து வானொலியும்

ஆவணி, புரட்டாதி இரவுகளில் டென்மார்க்கில் முகில் இல்லாவிட்டால், உச்சிவானில் சிலுவை வடிவில் அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்தைக் காணலாம். அந்தத் திசையில், மிகத் தொலைவில், சிக்னஸ் ஏ என்ற விண்மீன் மண்டலம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வானொலி அலைகளில் பார்த்தால் வானத்தின் மிகப் பிரகாசமான பொருட்களில் அதுவும் ஒன்று.

1953இல் இங்கிலாந்தில் ரோஜர் ஜெனிசனும் வங்காளத்தவரான மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் ஒரு புதுமையைக் கண்டார்கள். அந்த அலைகள் பெரும்பாலும் மண்டலத்தின் நடுவிலிருந்து வரவில்லை. இருபுறமும் வெகுதூரம் தள்ளியுள்ள இரண்டு மடல்களிலிருந்து வந்தன.

இவ்வளவு சக்திக்கு முதல் எங்கே? நான் கணக்காளர் என்பதால் எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான். சூரியனைப்போல ஐதரசனை எரித்தால் ஒரு கிலோவில் 7 கிராம் அளவே சக்தியாக மாறும். கருந்துளைக்குள் சுழன்று விழும் பொருளோ, கிலோவுக்கு ஏறத்தாழ 57 கிராமிலிருந்து, கருந்துளை வேகமாகச் சுழன்றால் 400 கிராம் வரை சக்தியாகக் கொடுக்கக்கூடும். மண்டலத்தின் நடுவில் உள்ள பெருங்கருந்துளையே முதலாளி. விழும் பொருளில் ஒரு பகுதியைக் காந்தப்புலங்கள் திருப்பி, இரண்டு எதிர்த்திசைகளில் ஒளிவேகத்தை நெருங்கிய தாரைகளாகப் பீச்சுகின்றன. தாரைகள் வெளியிலுள்ள வாயுவில் மோதி மடல்களாக விரிகின்றன. அங்கே காந்தக் கோடுகளைச் சுற்றி ஓடும் இலத்திரன்களே வானொலி அலைகளை விடுகின்றன.

இத்தகைய மண்டலங்களை அளக்க, கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீற்றர் நீளமான தொலைநோக்கி எழுந்தது. அந்த இடத்தின் அகலாங்கு 11 பாகை. மலைச்சரிவும் அதே அளவு. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். சந்திரன் அப்பொருளை மறைக்கும் கணத்தைக் குறித்து, அதன் இடத்தையும் பருமனையும் நுட்பமாகக் கணித்தார்கள்.

ஒளிக்கும் பயண நேரம் உண்டென்று 1676இல் காட்டியவர் டென்மார்க்கின் ஓலே ரோமர். சிக்னஸ் ஏயின் அலைகள் 70 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்து வருகின்றன. போர்க்காலத்தில் ஊர்க்கடிதம் மாதங்கள் கழித்துக் கையில் கிடைத்த நமக்கு இது விளங்கும்: கடிதம் சொல்வது எழுதிய நாளின் நிலையை, இன்றைய நிலையை அல்ல. இன்று அந்தத் தாரைகள் நின்றும் போயிருக்கலாம். நின்றாலும் மடல்கள் உடனே அணைவதில்லை; நெடுங்காலம் மெல்ல மங்கியபடி பேசிக்கொண்டிருக்கும்.

விடுமுறையில் ஊட்டிக்குப் போனால், பூங்காவோடு திரும்பிவிடாமல் அந்தச் சரிவைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.