ரூம் ₹6,900, பில் ₹10,856: பசங்களோட பீச் ரிசார்ட் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

லீவு விட்டாச்சு. வீட்ல மூணு பசங்க, ஒன்பது வயசு, ஆறு வயசு, மூணு வயசு. "பீச் ரிசார்ட் போலாம்ப்பா"ன்னு ஒரு மாசமா நச்சரிக்கறாங்க. நீங்களும் ராத்திரி படுத்துக்கிட்டே மொபைல்ல தேடுறீங்க. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட், நீச்சல் குளம் இருக்கு, ஒரு ராத்திரிக்கு ₹6,900. ரெண்டு ராத்திரிக்கு ₹13,800. சமாளிச்சிடலாம்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிடறீங்க.

அந்த ₹6,900 ரெண்டு பெரியவங்களுக்கான ரேட். குழந்தைகளோட வயசை டைப் பண்ணினதும் கதை மாறும். இதை ஒரு உதாரணமாவே எடுத்துக்குவோம். பல ரிசார்ட்டுகள்ல அஞ்சு வயசுக்குக் கீழ இலவசம், ஆறிலிருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரு கட்டணம், பன்னிரண்டு ஆனா பெரியவங்க கணக்கு. இந்த வயசு வரம்பு இடத்துக்கு இடம் மாறும், கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். மூணு வயசுக்கு ஒண்ணுமில்லை. ஆறு வயசுக்குத் தனி படுக்கை இல்லாம, காலை டிபனோட ₹900. ஒன்பது வயசுக்கு எக்ஸ்ட்ரா பெட் ₹1,400. ஆக ஒரு ராத்திரிக்கு ₹9,200.

இங்கதான் ஜிஎஸ்டி உள்ள வருது. 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு ₹7,500 வரைக்கும் 5% வரி. அதைத் தாண்டினா 18%. தாண்டின தொகைக்கு மட்டும் 18% இல்லைங்க, முழுத் தொகைக்கும். வருமான வரி ஸ்லாப் மாதிரின்னு நினைச்சுத்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ₹7,500 ரூமுக்கு வரியோட ₹7,875. ₹7,501 ரூமுக்கு வரியோட ₹8,851. ஒரே ஒரு ரூபாய் கூடினதுக்கு நீங்க கூடுதலா கொடுக்கறது ₹976.

எக்ஸ்ட்ரா பெட்டும், ரூமோட சேர்த்து விக்கிற டிபனும் அந்த ரூமோட மதிப்புலதான் சேரும். அதனால நம்ம ரூம் ₹6,900-ஆ இருந்தாலும், பசங்க சேர்ந்ததும் அது ₹9,200 ரூம். வரி 18%, அதாவது ₹1,656. ஒரு ராத்திரிக்கு ₹10,856, ரெண்டு ராத்திரிக்கு ₹21,712. கல்யாணமான புதுசுல நீங்க ரெண்டு பேர் மட்டும் போயிருந்தா இதே ரூமுக்கு வரியோட ₹14,490-ல முடிஞ்சிருக்கும்.

ரெண்டு ரூம் எடுத்தா?

கேக்கறதுக்கு ஆடம்பரமா இருக்கும். ஆனா ₹7,500 வரம்பு ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனி. கொஞ்சம் சின்ன ரிசார்ட்ல ₹4,800-க்கு ரெண்டு ரூம் எடுக்கறீங்கன்னு வைங்க. அப்பாவும் பெரியவனும் ஒண்ணுல. அம்மாவும் ஆறு வயசும் மூணு வயசும் இன்னொண்ணுல. ஒவ்வொரு ரூம் வாடகையும் ரெண்டு பேருக்கானதுங்கறதால எக்ஸ்ட்ரா பெட் பேச்சே இல்லை (இதை போன்ல பேசி, மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ எழுதி வாங்கிடுங்க). ₹9,600, 5% வரியோட ₹10,080. முதல் ரிசார்ட்டோட ஒரு ரூமை விட ₹776 கம்மி. அஞ்சு பேருக்கு ரெண்டு பாத்ரூம். காலைல எட்டு மணிக்கு ஒரே பாத்ரூம் வாசல்ல அஞ்சு பேர் நின்ன அனுபவம் உள்ளவங்களுக்கு இதோட அருமை புரியும். ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு இருக்கற கனெக்டிங் ரூம் கிடைக்குமான்னு கேளுங்க. இல்லைன்னா பக்கத்து பக்கத்து ரூமாவது கேட்டு வாங்குங்க.

எல்லா ரிசார்ட்லயும் இது லாபம்னு சொல்ல மாட்டேன். அதே ₹6,900 ரிசார்ட்ல ரெண்டு ரூம்னா ₹14,490 ஆயிடும், அது நஷ்டம். ரெண்டு விதமாவும் கணக்கு போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலைதான். மாமல்லபுரத்துல தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட பீச் ரிசார்ட்டும் இருக்கு. நம்ம ஆளுங்க அதைப் பார்க்காமலே தாண்டிப் போயிடறாங்க, அதையும் பட்டியல்ல வைங்க.

இன்னொரு விஷயம். வரி பார்க்கறது போர்டுல போட்டிருக்கற ரேட்டை இல்லை, அன்னிக்கு உங்ககிட்ட வாங்கற ரேட்டை. சனிக்கிழமை ₹8,500 இருக்கற ரூம் திங்கள்கிழமை ₹7,000-க்கு கிடைச்சா, வாடகையில ₹1,500 மிச்சம், வரியில ₹1,180 மிச்சம். ஒரு நாள் லீவுக்கு இது நல்ல விலைன்னுதான் நான் சொல்வேன்.

கடல் தெரியற ரூமுக்கு கூடுதலா ₹1,500, ₹2,000 கேப்பாங்க. அந்தத் தொகைதான் நிறைய ரூம்களை ₹7,500 கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். சின்னப் பசங்களோட போறவங்களுக்கு இது வேண்டாங்கறது என் கருத்து. அந்தப் பக்கத்துக் கடல்ல அலை வேகம் ஜாஸ்தி, இழுப்பும் உண்டு. பசங்களைக் கால் நனைக்க விடலாம், குளிக்க விட முடியாது. அவங்க நாள் முழுக்கக் கிடக்கப் போறது நீச்சல் குளத்துலதான். மத்தியானம் ஸ்க்ரீனை இழுத்துவிட்டுத் தூங்கிடுவாங்க. அந்த ஜன்னலுக்கு ₹2,000 எதுக்கு? குழந்தைகளுக்குத் தனி ஆழம் கம்மியான குளம் இருக்கான்னு கேளுங்க, அதுதான் முக்கியம். நைலான் நீச்சல் டிரஸ் மூணு செட் வீட்லருந்தே எடுத்துட்டுப் போங்க. காட்டன் டிரஸ்ஸோட குளத்துல விட மாட்டாங்க, அங்கயே வாங்கினா விலை தனி.

சாப்பாட்டு பில்லுக்கு வருவோம். போன நிதியாண்டுல அந்த ரிசார்ட்டோட ஏதாவது ஒரு ரூம் ₹7,500-க்கு மேல போயிருந்தா, அங்க இருக்கற ரெஸ்டாரன்ட்ல 18% ஜிஎஸ்டி. நீங்க தங்கியிருக்கறது ₹5,000 ரூமா இருந்தாலும் அதேதான். அஞ்சு பேர் மூணு வேளை, வேளைக்கு ₹2,400-ன்னா ₹7,200, வரியோட ₹8,496. வெளிய ரோட்டோர ஹோட்டல்ல 5%, விலையும் பாதி. தண்ணி பாட்டிலுக்கு எம்ஆர்பி-க்கு மேல வாங்கறாங்கன்னு சண்டை போடாதீங்க. ஹோட்டல்ல அப்படி வாங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2017-லயே சொல்லியாச்சு. 20 லிட்டர் கேன் ஒண்ணைக் கார்ல போட்டுக்கோங்க. ஆனா பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு தானா சேர்த்திருந்தா, எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமா வாங்கக் கூடாதுங்கற விதிமுறை 2022-லிருந்து இருக்கு, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்ல அது செல்லும்னு சொல்லிடுச்சு.

புக் பண்ணும்போது "ரீஃபண்ட் கிடையாது"ன்னு ஒரு ரேட், கேன்சல் பண்ணலாம்னு கொஞ்சம் கூடுதலா ஒரு ரேட் காட்டும். மத்த விஷயத்துல எல்லாம் கம்மி விலையைத்தான் எடுக்கச் சொல்வேன். இதுல மட்டும் கூடுதல் ரேட்டை எடுங்க. பத்து வயசுக்குள்ள மூணு பசங்க இருக்கற வீட்ல, கிளம்பற அன்னிக்கு ஒருத்தருக்காவது காய்ச்சல் வர வாய்ப்பு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்.

எல்டிஏ-வை இதுல வீணாக்காதீங்க

"ரிசார்ட் பில்லை எல்டிஏ-ல போடலாமா சார்?" சீசன்ல எனக்கு வர்ற முதல் கேள்வி இதுதான். போட முடியாது. எல்டிஏ விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. அதுவும் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு மட்டும். நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம்தான். குழந்தைகள்ல ரெண்டு பேருக்குத்தான் விலக்கு, மூணாவது குழந்தையோட டிக்கெட் கணக்குல வராது. முதல் குழந்தைக்கு அப்புறம் ரெட்டைக் குழந்தை பிறந்திருந்தா மட்டும் விதிவிலக்கு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போற பஸ் டிக்கெட்டுக்கு ஒரு வாய்ப்பைச் செலவு பண்ணாதீங்க. அந்தமானுக்கோ கோவாவுக்கோ பிளைட்ல போறப்ப அது பெரிய தொகை.

மதுரை, கோவையிலிருந்து ரயில்ல வர்றவங்க கவனிக்க: அஞ்சு வயசுக்குக் கீழ தனி பெர்த் இல்லைன்னா டிக்கெட் வேண்டாம். அஞ்சிலிருந்து பன்னிரண்டு முடியாதவங்களுக்கு பெர்த் வேண்டாம்னா அரை டிக்கெட், பெர்த் கேட்டா முழு டிக்கெட்.

இப்ப மொத்தத்தைக் கூட்டுங்க. ரூம் ₹21,712, சாப்பாடு ₹8,496, பெட்ரோல், டோல், ஐஸ்கிரீம், சில்லறை ₹3,500. கிட்டத்தட்ட ₹34,000. கைக்கு ₹62,000 வர்றவருக்கு இது பாதிச் சம்பளத்துக்கு மேல.

பயப்பட வேண்டியது இந்த ₹34,000-ஐப் பார்த்து இல்லை. அது எந்த மாசம் வருதுங்கறதைப் பார்த்து. மே மாசம் கார்டுல தேய்ச்சுட்டு வர்றீங்க. ஜூன்ல மூணு பசங்களுக்கும் ஸ்கூல் ஃபீஸ், புக்ஸ், யூனிஃபார்ம். கார்டு பில்லுல மினிமம் டியூ மட்டும் கட்டறீங்க. மாசம் 3.5% வட்டின்னா ₹34,000-க்கு ₹1,190, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி ₹214. அதைவிட மோசம், பாக்கி இருக்கற வரைக்கும் புதுசா தேய்க்கற தொகைக்கு வட்டியில்லாக் காலமே கிடையாது. அதே கார்டுல ஸ்கூல் ஃபீஸ் கட்டினா, கட்டின அன்னியிலிருந்தே வட்டி ஓடும். நோ-காஸ்ட் இஎம்ஐ-லயும் வட்டிக்கான ஜிஎஸ்டியை உங்ககிட்டதான் வாங்குவாங்க, பிராசஸிங் ஃபீஸ் தனி.

மாசம் ₹3,000 ஆர்டி போதும். இந்த மே மாசம் ஆரம்பிச்சா அடுத்த மே-ல ₹36,000-மும் கொஞ்சம் வட்டியும் கையில. இந்த வருஷம் பணம் இல்லையா? ஒரு ராத்திரியா குறைச்சுக்கோங்க. இல்லைன்னா காலைல போய்ட்டு சாயந்தரம் திரும்பற டே-அவுட் பேக்கேஜ் எடுங்க. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்துப் பெரியவங்களுக்கு ₹40 டிக்கெட், 15 வயசு வரைக்கும் இலவசம். மூணு பசங்களோட போனாலும் ₹80-தான்.

கடைசியா, அண்ணன் குடும்பமும் கூட வந்தா பில்லை எப்படிப் பிரிக்கறது? அவங்களுக்கு ஒரு பையன், உங்களுக்கு மூணு. ஊர்ல கோயில் வரியைத் தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கற மாதிரி சரிபாதி போட்டா, அண்ணி வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா முகம் மாறிடும். ரூம் அவங்கவங்க ரூமுக்கு. சாப்பாட்டுக்குப் பெரியவங்க ஒரு பங்கு, அஞ்சு வயசுக்கு மேல உள்ள பசங்க அரைப் பங்கு, அதுக்குக் கீழ ஒண்ணுமில்லை. அப்போ உங்க வீடு மூணு பங்கு, அவங்க பையனுக்கு ஏழு வயசுன்னா அவங்க ரெண்டரை. இதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே, புக்கிங் பண்ற அன்னிக்கே நீங்களா சொல்லிடுங்க. பெட்ரோலை மட்டும் அண்ணன் போடறேன்னு சொன்னா, விட்டுடுங்க.