மெத்தென்று போன பிரேக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவு. மலையோ பள்ளமோ இல்லாத சாலை. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழித் திருவாதிரைக்கு முந்திய நாள், எங்கள் பழைய அம்பாஸடர் வண்டியில் குடும்பத்தோடு அவ்வழியே சென்றுகொண்டிருந்தேன். ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. அதன் பின்னால் ஒரு சிறுவன். பிரேக்கை மிதித்தேன். இலவம்பஞ்சுத் தலையணையை மிதித்தாற்போல் பெடல் உள்ளே போயிற்று. மீண்டும் இருமுறை விரைந்து மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்த பின்னரே வண்டி நின்றது. சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழந்தான் இருந்தது.

வீட்டாரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். கல்லூரியில் படிக்கும் என் பேரன் மட்டும் உடன் நின்றான். “இரும்புப் பெடல் எப்படித் தாத்தா மெத்தென்று ஆகும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. விடை அவன் பள்ளியிலேயே படித்த இரண்டு விதிகளில் இருக்கிறது.

முதலாவது, பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். பெடலை நாம் 20 கிலோ எடையளவு விசையோடு மிதிப்பதாகக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்கினால் 100 கிலோ மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது விழும். பிஸ்டனின் பரப்பு 4 சதுர செண்டிமீட்டர் எனில், அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 25 கிலோ. இதே அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் மீது அழுத்துகிறது. திரவம் அநேகமாகச் சுருங்குவதே இல்லை; ஆகவேதான் கால் கல்லின்மீது பதிந்தாற்போல் நிற்கிறது.

இரண்டாவது பாயில் விதி. காற்று சுருங்கும். அந்தக் குழாயில் 2.6 கன செண்டிமீட்டர், அதாவது சுமார் அரைத் தேக்கரண்டிக் காற்று புகுந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் அதன் மேல் அழுத்தம் 26 மடங்காகிறது, காற்று 0.1 கன செண்டிமீட்டராகச் சுருங்குகிறது. இழந்த 2.5 கன செண்டிமீட்டரை ஈடுசெய்ய, பிஸ்டன் 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர வேண்டும். பெடலோ அதைப்போல் ஐந்து மடங்கு, ஏறத்தாழ 3 செண்டிமீட்டர் வீணாக இறங்க வேண்டும். அரைத் தேக்கரண்டிக் காற்று செய்யும் வேலை இவ்வளவு!

பெடல் தாழ்ந்தால் காற்றுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. வண்டியை நிறுத்திவைத்து நான்கைந்து முறை மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்து வந்தும் துள்ளல் போகாவிட்டால் காற்று. உயர்ந்து வந்து கல்லாக நின்றால், ஷூ தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி மிகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல அமிழ்ந்தால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் தென்படாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் பழுது. 2015 ஆம் ஆண்டு வெள்ளத்தில் எங்கள் மாவட்டத்தார் பலர் கண்டது வேறு: டிரம்முக்குள் நீர் புகுந்தால் பெடல் கல்லாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது.

இன்னொரு வஞ்சகமும் உண்டு. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய திரவம். எங்கள் கடலோரக் காற்றைச் சொல்லவே வேண்டாம். டாட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதியாது, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கடலூரில் இது தெரியாது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது திரவம் ஆவியாகும். பெடல் மெத்தென்று போகும். ஆறியதும் ஆவி மீண்டும் நீர்மமாகிவிடுவதால், பட்டறையில் குறையே தெரியாது! ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுதல் நலம். அதற்குப் பதிலாக என்ஜின் ஆயிலை ஊற்றுவோரும் உளர். ரப்பர் யாவும் ஊதிக் கெட்டுப்போகும்.

எங்கள் வண்டியில் நிகழ்ந்தது எளியது. முந்தின வாரம் ஒரு பட்டறையில் வீல் சிலிண்டர் ரப்பரை மாற்றியவர், காற்றை முழுவதும் எடுக்கவில்லை. வண்டியைக் கட்டியிழுத்து வந்து, மறுநாள் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நாங்களே தொடங்கினோம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரம் முதலில். அதன் நிப்பிளில் ஒரு கண்ணாடிக்குழாயைப்போல் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் புட்டியிலுள்ள பிரேக் ஆயிலில் அமிழ்த்தினோம். பேரன் மிதித்துப் பிடிப்பான், நான் நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடிய பிறகே அவன் காலை எடுக்கலாம். மூடுமுன் எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் மேல்கலம் வற்றிவிட்டதைக் கவனிக்கவில்லை. அங்கிருந்தே காற்று புகுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். முப்பதாண்டு வகுப்பறையில் “கவனம், கவனம்” என்று சொன்னவன் நான்!

திரவம் சிந்தினால் வண்ணப்பூச்சை அரித்துவிடும். உடனே நீர் விட்டுக் கழுவ வேண்டும். வெளிவந்த திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. பெரியவர் துணையின்றி நீங்கள் இதில் இறங்க வேண்டாம். இக்காலத்து ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிகளைப் பழகிய பட்டறையிலேயே ஒப்படையுங்கள்.

தொடங்குமுன் பேரன் ஓர் அளவுகோலை வைத்துப் பெடல் இறங்கும் தூரத்தைக் குறித்திருந்தான். முடிந்தபின் மீண்டும் அளந்தான். 4 செண்டிமீட்டர் குறைந்திருந்தது. தாளை எடுத்து, எவ்வளவு காற்று இருந்திருக்கும் என்று அவனே கணக்கிட உட்கார்ந்தான்.