ஒரே மந்திரம்

பெங்களூரு பிரேசர் டவுனில் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் சிறுவர் பலர் மாலையில் கணினி விளையாட்டுகளை ஆடுகின்றனர். அவற்றுள் ஒருவகை, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. போர்வீரன், திருடன், மந்திரவாதி முதலிய பாத்திரங்களுள் ஒன்றைச் சிறுவர் தேர்ந்துகொள்வர். மந்திரவாதி என்றதும் பேராற்றல் உடையவனே நினைவுக்கு வருவான். ஆனால், விளையாட்டின் தொடக்கத்தில் அவனே எல்லாரினும் மெலியவன்.

இவ்விளையாட்டு முறை, 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பகடை விளையாட்டிலிருந்து வளர்ந்தது. அதன் விதிகளைப் பின்பற்றிக் கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட்' என்னும் கணினி விளையாட்டு 1998-இல் வெளிவந்தது. நூலகக் கோட்டை ஒன்றில் வளர்ந்தவர், பழகிய இடத்தை விட்டு வெளியுலகிற்குச் செல்வதே அதன் கதை.

அதில் போர்வீரனின் உயிர்ப்புள்ளிகளைப் பத்துமுகப் பகடையும், மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகளை நான்குமுகப் பகடையும் முடிவு செய்கின்றன. ஓர் அம்பு 1 முதல் 6 புள்ளிகள் வரை குறைக்கும். எனவே, முதல் நிலையில் உள்ள மந்திரவாதி ஒரே அம்பில் மடியக்கூடும். அவனால் கவசம் அணிய இயலாது. அவனிடம் இருப்பதும் ஒரே ஒரு மந்திரம். அதனைச் சொல்லிவிட்டால், உறங்கி எழுந்த பின்னரே மீண்டும் சொல்ல முடியும்.

இத்தகையவன் பிழைப்பது எவ்வாறு? திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. அவை கூறும் மூன்று அறிவுமே அவனுக்குத் துணை.

முதலாவது, வலி. மெலியவன் என்பதை உணர்ந்த மந்திரவாதி வாளோடு மோதுவதில்லை. தினைப்புனம் காத்த மகளிரைப்போல் தொலைவில் நின்று கவண்கல் எறிகிறான். இரண்டாவது, காலம். தனித்து வரும் ஓநாயின்மேல் மந்திரத்தை வீணாக்காமல், பகைவர் கூட்டமாக வரும்வரை பொறுத்திருக்கிறான். அப்போது சொல்லும் உறக்க மந்திரம் பலரை ஒருசேர வீழ்த்துகிறது. மூன்றாவது, இடம். மந்திரம் சொல்லி முடிக்குமுன் அடிபட்டால் அது வீணாகும். ஆதலால், அவன் போர்வீரரின் பின்னே நிற்கிறான். அவர்கள் அவனைக் காக்கின்றனர். அவன் தக்க நேரத்தில் அவர்களைக் காக்கிறான்.

இவ்வாறு பிழைத்து ஐந்தாம் நிலையை அடைந்தால், தீக்கோளம் எறியும் மந்திரம் அவனுக்குக் கிட்டும். பொறுமையிழந்து முதல் நிலையிலேயே ஆட்டத்தைக் கைவிடுவோர் அதனைக் காண்பதில்லை.

பிரேசர் டவுனுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்ச் சிறுமியும் முதலில் நான்கைந்து கன்னடச் சொற்களையே அறிந்திருப்பாள். அவற்றைத் தக்க இடத்தில் சொல்லிப் பாலும் காய்கறியும் வாங்குவாள். தெரியாதவற்றைத் தோழியரிடம் கேட்டறிவாள். அடுத்த ஆண்டு, ஊரிலிருந்து வரும் பாட்டிக்குக் கடைக்காரர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைப்பவள் அவளே.

பயிற்சி
1. மந்திரவாதி போர்வீரரின் பின்னே நிற்பது ஏன்?
2. உறக்க மந்திரத்தை எப்போது சொல்லுதல் பயன் தரும்?
3. குறைந்த வலிமையைக் கொண்டு நீ வென்ற நிகழ்ச்சி ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.