சுற்றுக்குச் சுற்று தேயும் ஆயுள்

2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் ‘துருவ்’ ஹெலிகாப்டர் விழுந்து மூவர் உயிரிழந்தனர். ‘ஸ்வாஷ் பிளேட்’ என்னும் பாகம் உடைந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. விபத்து நடந்த உடனேயே நாடெங்கும் ஏறத்தாழ 330 துருவ்கள் பறப்பதை நிறுத்தியிருந்தன. சூலூரின் ‘சாரங்’ சாகசக் குழுகூட அடுத்த மாதம் பெங்களூரு விமானக் கண்காட்சியில் பறக்கவில்லை.

நம் தாக்குதல் ஹெலிகாப்டரான ‘பிரசண்ட்’ இந்தத் துருவிலிருந்து வளர்ந்ததுதான். 5.8 டன் எடை, இரண்டு ‘சக்தி’ எஞ்சின்கள், சியாச்சின் உயரத்திலும் இறங்கும் திறன். ஆகவே உடைந்த அந்த ஸ்வாஷ் பிளேட்டைப் புரிந்துகொள்வது அவசியம்.

விசிறிக்குக் கீழே இரண்டு வளையத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழ்த்தட்டு சுழலாது, விமானி கைப்பிடியை அசைத்தால் சாயும், ஏறும், இறங்கும். மேல்தட்டு விசிறியோடு சேர்ந்து சுழலும். நடுவே ஒரு பேரிங். மேல்தட்டிலிருந்து போகும் கம்பிகள் ஒவ்வோர் இறக்கையின் கோணத்தையும் திருப்புகின்றன. விமானியின் கட்டளை இறக்கைக்குப் போய்ச்சேர வேறு வழியே இல்லை. கடலூர் மாவட்டப் பெண்ணாடத்துக் கரும்புக் கொல்லையில் மோட்டார் பேரிங் போனால், கரண்ட்டை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். வானத்தில் நிறுத்த முடியாது.

விசிறி நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றுகிறது. சுற்றுக்கு ஒருமுறை சுமை ஏறி இறங்கினாலே, 1,000 மணி நேரத்தில் 1.8 கோடி முறை. ஒருமுறை தாங்கும் சுமையைக் கோடி முறை தாங்கும்போது உலோகம் சோர்ந்துபோகும். அலுமினியத்துக்கு இதில் ஓர் இயல்பான பலவீனம் உண்டு: சுமை எவ்வளவு சிறிதானாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். எஃகுக்கோ ஒரு வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே சுமை இருந்தால் நடைமுறையில் சோர்வே இல்லை. எடை ஏறத்தாழ மூன்று மடங்கு, அதுதான் விலை. 2023-இல் அடுத்தடுத்து விபத்துகள் நேர்ந்தபின் துருவின் கட்டுப்பாட்டுக் கம்பிகள் அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாற்றப்பட்டது இதனால்தான் சரியான முடிவு என்பேன்.

எஃகையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பரப்பில் நுண்ணிய குழி விழுந்தாலே போதும். 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் ஒரு ‘சூப்பர் பூமா’ ஹெலிகாப்டரின் விசிறி முழுதாகக் கழன்று பறந்தது. 13 பேர் இறந்தனர். கியர்பாக்ஸுக்குள் ஒரு பற்சக்கரத்தில் அப்படியொரு குழியில் தொடங்கிய விரிசல், பரப்புக்கு அடியிலேயே வளர்ந்திருந்தது. எண்ணெயில் உலோகத் துகள் வந்தால் பிடித்து எச்சரிக்கும் காந்த முளையும் எச்சரிக்கவில்லை.

பரப்புவரை வந்த விரிசலைப் பிடிக்க எளிய வழி உண்டு. பாகத்தில் சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல், சிவந்த கோடாக மேலே எழும். உள்ளே ஒளிந்திருப்பதற்கு இது உதவாது. அதனால்தான் பளபளவென்று நன்றாக இருக்கும் பாகத்தையும் குறித்த மணிக்கணக்கில் கழற்றிப் போடுகிறார்கள். அதை வீண்செலவு என்று நினைக்கவே கூடாது.

2025 மார்ச் 28 அன்று 62,700 கோடி ரூபாயில் 156 பிரசண்ட்களுக்கு ஒப்பந்தமானது: தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66. இவற்றுக்குப் பல பத்தாண்டுகள் மாற்றுப் பாகங்கள் வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் உள்ள திருச்சி, பெண்ணாடத்திலிருந்து நேராக ரயிலில் போகும் தூரம்தான். அங்கே கடைசல் பட்டறைகளோடு, உலோகச் சோர்வை மாதக்கணக்கில் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடங்களும் வரவேண்டும். நம் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு அந்த வேலை கற்றுத்தரப்பட வேண்டும்.